வியோலாவுக்கு விட்ட பதினாறு கட்டங்கள்

செய்தி வந்தபோது காலை ஆறே முக்கால். அத்தான்தான் பேசினார். போன் பேசுவதற்கு முன்னால் சொல்ல வேண்டியதை ஒரு துண்டுத் தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் அக்காவுக்கு உண்டு. அத்தானுக்குக் கிடையாது. அதனால் முதலில் குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது என்றார். பிறகு டாக்டர் வந்துவிட்டுப் போய்விட்டார் என்றார்.

"எந்த டாக்டர்? யாருக்கு அத்தான்?"

"உங்க அக்காவுக்குத்தாம்மா. தூக்கத்துலயே போயிட்டா." "அந்தக் குழாய் வேற சொட்டிக்கிட்டே இருக்கு," என்றார் மறுபடியும்.

அன்று புதன்கிழமை. மறுநாள் அவளுக்கு ஒலிப்பதிவு இருந்தது.

அக்கா வியோலா வாசிப்பவள். வயலினைப் போலவே இருக்கும், சற்றுப் பெரியது, குரல் சற்று இறங்கியது. பள்ளியில் அவளும் எல்லோரையும் போல வயலினில்தான் தொடங்கினாள். பள்ளி வாத்தியக் குழுவில் வயலின்கள் வரிசையாக இருந்தன, வியோலா ஒன்றுகூட இல்லை. யாராவது மாறிக்கொள்கிறீர்களா என்று ஆசிரியை கேட்டபோது எல்லாப் பெண்களும் குனிந்துகொண்டார்கள். அக்காவும்தான் குனிந்தாள். ஆசிரியை ஓர் அளவுகோலை எடுத்து வந்து எல்லோருடைய கையையும் அளந்தார். அக்காவுக்கு இரண்டு விரற்கடை கூடுதல். அத்தோடு முடிந்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா, "நல்லவேளை, மூக்கை அளக்கல," என்றார்.

பின்னாளில், நானூறு மாணவிகள் படிக்கும் ஒரு பள்ளியில் பகலில் இசை வகுப்பு எடுத்தாள். வாரத்தில் மூன்று மாலைகள் ஓர் ஐவர் குழுவோடு வாசித்தாள். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, ஒரு பியானோ. முதல் வயலின்காரரைத் தலைவர் என்பார்கள். அவர் அப்படித் தன்னை நினைத்துக்கொண்டிருப்பதால் மற்றவர்களுக்கு வேறு வழியில்லை. செல்லோ வாசிக்கும் பெண்மணிக்குக் குண்டூசி என்று பெயர். ஒல்லியாக இருப்பார், பேச்சு குத்தும். அக்காவுக்கு அவர்தான் நெருக்கம்.

இந்த மாதிரிக் குழுவில் வியோலா நடுவில் இருக்கும். மேலே வயலின் பாடும், கீழே செல்லோ உறுமும். நடுவில் அது இல்லாவிட்டால் ஏதோ குறைகிறது என்று தெரியும், இருக்கும்போது இருப்பது தெரியாது. அக்கா இதைக் குறையாகச் சொன்னதில்லை. பொருத்தமாகவே இருந்தது அவளுக்கு. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி செய்வதில் அவளுக்கு ஒரு நிம்மதி. சமையலுக்கும் கரண்டி அளவுதான். யாராவது 'உப்பு கொஞ்சம் போடு' என்றால், "கொஞ்சம்னா எவ்வளவு?" என்று கையில் கரண்டியோடு நிற்பாள். அவளுடைய இசைத் தாள்களில் அச்சைவிடப் பென்சில் அதிகம். 'மூச்சு விடு.' 'தலைவரைப் பார்.' 'இங்கே அவர் அவசரப்படுவார், நீ படாதே.'

ஒரு ஜாஸ் இசையமைப்பாளரின் தாள்கள் குழுவுக்கு வந்தது போன ஆண்டின் கடைசியில். அவர் ஒரு ஹோட்டலின் மதுக்கூடத்தில் பல காலம் பியானோ வாசித்தவர். சாப்பிடுகிறவர்களும் பேசுகிறவர்களும் கேட்டும் கேட்காமலும் இருக்க, தன் பாட்டுக்கு வாசித்துவிட்டுப் போவாராம். பகலில் வீட்டில் உட்கார்ந்து தந்திக் கருவிகளுக்கும் பியானோவுக்கும் என்று ஏழு படைப்புகள் எழுதியிருக்கிறார். வெளியே யாருக்கும் தெரியாது. அவர் இறந்த பிறகு, மருந்துக்கடை வைத்திருக்கும் அவருடைய மகள் அலமாரியிலிருந்து அவற்றை எடுத்து, நகல் போட்டு, தலைவரிடம் கொண்டுவந்து கொடுத்தார். வாசித்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் பிடித்திருந்தது. பதிவு செய்து வெளியிடுவது என்று முடிவாயிற்று.

ஏழாவது படைப்பில்தான் அந்தப் பதினாறு கட்டங்கள் இருந்தன. இசைத் தாளின் ஐந்து கோடுகளைக் குறுக்குக் கோடுகளால் பிரித்திருப்பார்களே, அந்தக் கட்டங்கள். மற்ற நால்வருக்கும் அந்த இடத்தில் தாளத்தோடு மெல்ல அடிக்க வேண்டிய சுரங்கள் எழுதியிருந்தன. வியோலாவுக்கு ஒன்றுமே இல்லை. சுரமும் இல்லை, சும்மா இருக்கச் சொல்லும் ஓய்வுக் குறியும் இல்லை.

"குறி போட மறந்துட்டார்," என்றார் தலைவர். "ஜாஸ்காரங்க அப்படித்தான், கொஞ்சம் அசட்டையா இருப்பாங்க."

அக்கா பென்சிலை எடுத்துப் பதினாறு கட்டங்களிலும் ஒவ்வொன்றாக, அச்சடித்தது போல, ஓய்வுக் குறி போட்டாள். எழுதாமல் விட்ட ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது.

அப்படியே பழகினார்கள். அந்த இடம் வந்தால் நால்வரும் மெல்ல அடித்துக்கொண்டிருப்பார்கள், அக்கா வில்லை மடியில் வைத்துக்கொண்டு எண்ணுவாள். பந்தியில் யாரோ பாதியில் எழுந்து கைகழுவப் போனது போல இருக்கும் என்று குண்டூசி சொன்னார். தலைவர் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். இடைவெளிதான் இந்த இசையமைப்பாளரின் பாணியாம். ஒரு நூலகக் கூடத்தில் சிறிய கச்சேரி நடந்தபோது அதை அவையோருக்கும் சொன்னார். கைதட்டினார்கள்.

கச்சேரி முடிந்ததும் மருந்துக்கடைக்காரம்மா பின்னறைக்கு வந்தார். எல்லோரையும் பாராட்டினார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கடைசிப் பாட்டுல அந்தம்மா ஏன் வாசிக்காம உட்கார்ந்திருக்காங்க? கையில ஏதாவது வலியா?"

"ஓய்வு இல்லீங்களா அங்க?" என்றார் தலைவர்.

"ஓய்வா? அப்பா அந்த இடத்தைச் சும்மா விட்டுவச்சது அவங்க இஷ்டத்துக்கு வாசிக்கத்தானே? எந்தக் கட்டத்துல எந்தச் சுருதிக் கூட்டு, எந்தெந்தச் சுரம் சேரும்னு மேல பென்சில்ல எழுதியிருப்பாரே."

நகலில் அந்த மெல்லிய பென்சில் விழவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"இஷ்டத்துக்குன்னா?" என்றாள் அக்கா.

"அந்த நேரத்துல என்ன தோணுதோ அது."

"தோணலைன்னா?"

"தோணும்ங்க."

"அதாவது," என்றார் குண்டூசி, "நாலு மாசமா நம்ம எல்லாரும் சேர்ந்து இவளை ஊமையாக்கி வச்சிருந்திருக்கோம். அதுக்குக் கைத்தட்டல் வேற வாங்கியிருக்கோம்."

அக்கா சிரிக்கவில்லை. வாசிக்கத் தெரிந்த நாளிலிருந்து, தாளில் இல்லாத ஒரு சுரத்தை அவள் வாசித்தது கிடையாது.

முதலில் தனக்குத் தெரிந்த வழியில்தான் அதைச் சமாளித்தாள். மூலத் தாளிலிருந்து பென்சில் குறிப்புகளை வாங்கி, இரண்டு வாரம் உட்கார்ந்து, பதினாறு கட்டங்களுக்கும் தானே சுரம் எழுதினாள். அதை ஒரு நீளத் துண்டில் படியெடுத்து, ஓய்வுக் குறிகள் மறையும்படி மேலே ஒட்டினாள். தலைவருக்குத் திருப்தி. ஒருவேளை சரியாக வரவில்லையென்றால் ஜாஸ் குழு ஒன்றில் வியோலா வாசிக்கும் ஒருவரை அந்த ஒரு படைப்புக்கு மட்டும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றும் பேச்சு வந்தது. அவர் வீட்டுக்குள்ளும் தொப்பி போட்டுக்கொண்டிருப்பவர். ஆகவே தொப்பிக்காரர்.

இதை அக்கா என்னிடம் சொன்னபோது, "கூப்பிட்டாத்தான் என்ன? ஒரு பாட்டுதானே?" என்றேன்.

"என் நாற்காலியில வேற யாராவது வந்து உட்கார்ந்தா எனக்கு ஒண்ணுமில்லடி. எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்காங்க. ஆனா இந்த மனுஷன் வியோலாவுக்குன்னு ஒரு இடம் விட்டு வச்சிருக்கார். வயலினுக்கு விடல, செல்லோவுக்கு விடல. என் காலத்துல இப்படி யாரும் விட்டதில்ல. அதுல நானே உட்காரலைன்னா எப்படி?"

அவள் தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் பார்த்தது அபூர்வம். வீட்டில் கடைசி ரொட்டித் துண்டைக்கூட யாருக்கு வேண்டும் என்று மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் எடுப்பாள்.

ஒலிப்பதிவுக்கூடம் ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. கதவுக்கு மெத்தை வைத்துத் தைத்திருந்தார்கள். நான் ஒரு நாள் கூடப் போயிருந்தேன். ஐந்து பேரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு வாசித்தார்கள். கிறீச்சிடாத நாற்காலியைத் தேர்ந்தெடுக்கவே அரை மணி ஆயிற்று. பக்கம் திருப்பும் சத்தம் பதிவாகிவிடும் என்பதால் எல்லோருடைய தாள்களையும் வெட்டி அட்டையில் ஒட்டியிருந்தாள் அக்கா. பக்கத்து அறைக் குளிர்பெட்டியின் முனகல் கேட்கிறது என்று ஒலிப்பதிவாளர் அதை அணைத்தார். திரும்பப் போட மறந்துவிட்டதால் மறுநாள் யாருக்கும் காப்பிக்குப் பால் இல்லை. பியானோக்காரருக்கு ஒரு நல்ல டேக்கின் நடுவில் வயிறு கூவியது. அந்த டேக்கைத் தலைவர் இன்னமும் சொல்லிச் சொல்லி வருந்துகிறார்.

இரண்டு நாளில் ஆறு படைப்புகள் முடிந்தன. ஏழாவதை எடுத்தபோது அக்கா தான் எழுதிய துண்டைப் பார்த்து வாசித்தாள். முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப்புறம் இருந்த அறைக்குப் போய் எல்லோரும் கேட்டார்கள்.

"தப்பு ஒண்ணும் இல்லீங்க மேடம்," என்றார் ஒலிப்பதிவாளர்.

மருந்துக்கடைக்காரம்மாவும் வந்திருந்தார். தலைவர் அவரிடம், "சொல்லுங்க, பரவாயில்ல," என்றார்.

"நல்லாத்தான் இருக்கு. மருந்துச்சீட்டைப் படிக்கிற மாதிரி இருக்கு, அவ்வளவுதான்."

"நீங்க மருந்துக்கடை. உங்களுக்கு எதைக் கேட்டாலும் சீட்டு மாதிரிதான் இருக்கும்," என்று குண்டூசி பாய்ந்தார்.

"இல்ல, அவங்க சொல்றது சரி," என்றாள் அக்கா. "எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு." போய்த் தன் தாளிலிருந்து அந்தத் துண்டை மெல்ல உரித்தாள். தாள் கிழியக் கூடாது என்று ஓரத்திலிருந்து நிதானமாக உரித்தாள். பிறகு தலைவரிடம், "எனக்கு ஒரு தவணை கொடுங்க," என்றாள்.

அடுத்த வியாழக்கிழமை கூடம் காலியாக இருந்தது. அன்றைக்கு அக்காவுக்கு வந்தால் அக்கா. வராவிட்டால், அன்று பிற்பகலே தொப்பிக்காரர். இது பேசி முடித்த ஏற்பாடு. தலைவர் இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொன்னார், அக்கா அதைவிடக் கடுமையாகத் தலையாட்டினாள்.

நால்வர் வாசித்ததை மட்டும் ஒலிப்பதிவாளர் தனியாக எடுத்துக் கொடுத்திருந்தார். வீட்டில் பின்பக்கத்து அறையில் அதை ஓடவிட்டுப் பழகினாள். அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் இசை விஷயத்தில் அவர் காதில் கடவுள் எதையோ செருகி அனுப்பிவிட்டார். பக்கத்து வீட்டில் அலாரம் அடித்தால், "இன்னிக்கு வாசிப்பு நல்லா இருக்கே," என்பார். அவர் சொன்னதை வைத்துப் பார்த்தால், முதல் இரண்டு நாளும் அந்த அறையிலிருந்து நால்வர் சத்தம்தான் வந்தது. அந்த இடம் வந்ததும் அக்கா வில்லைத் தூக்குவாள், தூக்கியபடியே இருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். தாள் ஸ்டாண்டில் இருந்தது. துண்டை உரித்த இடத்தில் பழைய ஓய்வுக் குறிகள் பளிச்சென்று தெரிந்தன.

"இதை அழிச்சிடலாமே. இதைப் பார்க்கப் பார்க்கத்தான் கை வரமாட்டேங்குதோ என்னவோ," என்றேன்.

"ஒரு தடவையாவது வாசிக்கிறேன், அப்புறம் அழிக்கிறேன். வாசிக்காம அழிச்சா பொய்யில்லையா?" என்றாள். பிறகு, "ஆமா, நீ பேசறப்போ அடுத்த பேச்சு எங்கேருந்துடி வருது?"

"யாருக்குத் தெரியும்? வாயைத் திறந்தா வருது."

"முதல்ல திறக்கணுமா?"

"வந்தப்புறமா திறப்பாங்க?"

அவள் இதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு எழுந்துபோய்க் குழாய் சரிசெய்கிறவருக்குப் போன் செய்தாள். துண்டுத் தாள் இல்லாமல் செய்தாள். குளியலறைக் குழாயில் ஆரம்பித்து, அவருடைய மகளின் பரீட்சைக்குப் போய், கடைசியில் எந்தக் கிழமை வருவார் என்று கேட்க மறந்து வைத்துவிட்டாள். திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு திகைப்பு.

"தப்பா ஒண்ணும் ஆகலடி," என்றாள்.

"குழாய்?"

"அது சொட்டட்டும்."

நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை மாலை நடந்தது அத்தான் சொல்லித் தெரிந்தது. அவர் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல நால்வர் சத்தம் வந்தது. வழக்கமாக ஒன்றும் வராத இடத்தில் ஏதோ வந்தது. அவருக்கே வித்தியாசம் தெரிந்தது என்றால் அது சாதாரண விஷயமில்லை. "இது என்ன, புதுசா இருக்கு?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்திருக்கிறார்.

அக்கா வியோலாவும் கையுமாகச் சமையலறை வாசலில் வந்து நின்றாளாம்.

"நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்த மாதிரிதான் இருந்துச்சு. திரும்ப ஒரு தடவை வாசியேன்."

"திரும்ப வராது. வேற ஏதாவதுதான் வரும்," என்றாளாம். சொல்லும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது என்று அத்தான் சொன்னார். சாப்பிட்ட பிறகு மறுபடியும் கொஞ்ச நேரம் அந்த அறையில் விளக்கு எரிந்தது. வாசிப்புச் சத்தம் இல்லை. பிறகு கண் எரிகிறது என்று சொல்லிப் படுத்துவிட்டாள். காலையில் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் டாக்டர். ஐம்பத்தாறு வயது.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு பிற்பகலில் தலைவரும் குண்டூசியும் வீட்டுக்கு வந்தார்கள். தலைவர் கையில் கைக்குட்டையைப் பிசைந்துகொண்டே இருந்தார். உண்மையிலேயே உடைந்து போயிருந்தார்.

"நாங்க ஒண்ணு யோசிச்சோம்," என்று அத்தானிடம் சொன்னார். "யோசிச்சேன். அந்தக் கட்டங்கள்ல யாரும் வாசிக்க வேண்டாம். மற்ற இடங்களுக்குப் போன தடவை அவங்க வாசிச்சதே இருக்கு. அந்த இடத்தை மட்டும் காலியா விட்டுடுவோம். அவங்க நினைவா. கேட்கிறவங்களுக்கு—"

"அதெல்லாம் வேண்டாம்," என்றார் குண்டூசி.

"இல்ல, ஒரு மரியாதைக்கு—"

"மரியாதையா? அவ அங்க சும்மா உட்காரக் கூடாதுன்னுதானே இத்தனை பாடுபட்டா. திரும்பவும் அவளைச் சும்மா உட்கார வைக்கப் போறீங்களா? ஒரு தடவை தெரியாம பண்ணினோம். இப்போ தெரிஞ்சே பண்ணணுமா?"

தலைவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அத்தான், செவ்வாய்க்கிழமை அவள் வாசித்ததைச் சொன்னார். குண்டூசி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எப்படி இருந்துச்சு? கொஞ்சம் பாடிக் காட்டுங்களேன். சும்மா 'ம்ம்'னு போதும். மிச்சத்தை நான் புரிஞ்சுக்கிறேன்."

"எனக்கு வராதும்மா."

"வந்த வரைக்கும்."

அத்தான் தொண்டையைச் செருமினார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முறை ஆரம்பித்தார். முதல் முறை வந்தது ஒரு சோப்பு விளம்பரப் பாட்டு. இரண்டாவது முறையும் ஏறக்குறைய அதேதான். குண்டூசி கூர்ந்து கேட்டார். பிறகு அவர் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"மேல போச்சா, கீழ போச்சா? அதையாவது சொல்லுங்க."

அத்தான் நெடுநேரம் யோசித்தார். "முதல்ல கீழ இருந்துச்சு," என்றார். "அப்புறம் எங்கேயோ போச்சு."

அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அந்த அறையில் அப்போது எதுவும் பதிவாகிக்கொண்டிருக்கவில்லை.

தொப்பிக்காரரையே கூப்பிடுவது என்று தீர்மானித்தார்கள். அந்த ஒரு படைப்பை முழுக்க அவரே வாசிப்பார், ஆனால் கருவி அக்காவுடையதாக இருக்கட்டும் என்று அத்தான் விரும்பினார். அக்காவின் தாளும் வேண்டும் என்று தலைவர் கேட்டார். அக்கா அட்டையில் ஒட்டி, மூச்சு விடும் இடம்வரை குறித்து வைத்த தாளைவிடத் தெளிவான தாள் வேறு எதுவும் இல்லை. எடுத்துவர நான் பின்பக்கத்து அறைக்குப் போனேன்.

ஸ்டாண்டில் ஏழாவது படைப்பு திறந்து இருந்தது. கீழ்த் தட்டில் ரப்பர் இருந்தது, பக்கத்தில் அழித்த துகள்கள். அப்படியே உறையில் போட்டுத் தலைவரிடம் கொடுத்தேன்.

தொப்பிக்காரர் அடுத்த வாரம் வந்து வாசித்தார். நன்றாக வாசித்தார் என்று குண்டூசியே சொன்னார். மருந்துக்கடைக்காரம்மாவுக்குப் பிடித்திருந்தது. வெளியாகப்போகும் இசைத்தட்டின் உறையில் ஆறு படைப்புகளுக்கு அக்காவின் பெயரும் ஏழாவதற்கு அவர் பெயரும் வரும்.

போன வாரம் வியோலாவும் தாளும் வீட்டுக்குத் திரும்பி வந்தன. தொப்பிக்காரர் தாளில் எதையும் எழுதவும் இல்லை, அழிக்கவும் இல்லை. முதல் பத்துக் கட்டங்களில் குறிகள் சுத்தமாக அழிந்திருக்கின்றன, பென்சில் அழுத்திய தடம் மட்டும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது. பதினொன்றாவது கட்டத்தில் குறி பாதி அழிந்திருக்கிறது. மீதி ஐந்தில் அக்கா போட்ட ஓய்வுக் குறிகள் அப்படியே இருக்கின்றன.